கலங்கல் நீரில் தூண்டில் போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஈரி ஏரிக் கரையில் வசிக்கும் என் அண்ணன் மகன், பெர்ச் மீன் பிடிக்கப் போகும்போது முதலில் நீரின் தெளிவையும் அடித்தரையையும் பார்த்துத்தான் இடம் தேர்வதாகச் சொல்கிறான். நம் கிருஷ்ணகிரி அணைக்கும் இது பொருந்துமா? மழைக்குப் பிறகு நீர் செந்நிறமாகும் நாட்களில் எனக்குக் கெளுத்தியைத் தவிர வேறு மீன் கிடைப்பதில்லை.
– வாசகர் ஒருவர், காவேரிப்பட்டணம்

பதில்: உங்கள் அண்ணன் மகன் சொல்வது சரியே, நம் அணைக்கும் பொருந்தும். ஆனால் மீன் வேறு என்பதால் பொருந்தும் விதம் வேறு.

ஈரி ஏரியின் மஞ்சள் பெர்ச் பகலில் கண்ணால் பார்த்து இரை தேடும். இருட்டியதும் அடித்தரையில் அமர்ந்துவிடும். ஆகவே ஒளி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதே அங்கு முதல் கேள்வி. அந்த ஏரியின் மேற்குப் பகுதியில் உள்ள மென்மையான சேற்றில் ஈசல் போன்ற ஒரு பூச்சியின் புழுக்கள் வளை தோண்டி வாழ்கின்றன. அவை பெர்ச்சுக்கு விருப்பமான இரை. 1953ஆம் ஆண்டில் அடிநீரில் ஆக்சிஜன் குறைந்தபோது அந்தப் புழுக்கள் பெருமளவில் மடிந்தன. 1990களில்தான் மீண்டும் பெருகின. வெளியே தெரியாத அடித்தரை மீனின் உணவை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இனி உங்கள் செந்நீருக்கு வருவோம். தென்பெண்ணை வெள்ளத்தில் அடித்து வரும் செம்மண்ணின் நுண்துகள்கள் பல நாட்கள் படியாமல் மிதந்து ஒளியைத் தடுக்கின்றன. அப்போது, பார்வையை நம்பி இரை தேடும் மீன்களுக்கு ஒரு முழம் தள்ளியிருக்கும் புழுவும் தெரியாது. கெளுத்திக்கோ மீசையிலேயே சுவை அறியும் உறுப்புகள் இருப்பதால், இருட்டிலும் அது மண்புழுவைக் கண்டுபிடித்துவிடும். எனவே, கெளுத்தி மட்டும் கிடைப்பதை உங்கள் கைத்திறனின் குறையாக எண்ண வேண்டாம். அத்தகைய நாட்களில் வாசனையுள்ள இரையை அடித்தரையை ஒட்டிக் கிடக்கும்படி போடுங்கள். தெளிந்த சிற்றோடை வந்து கலக்கும் இடம் இருந்தால், தெளிநீரும் கலங்கலும் சந்திக்கும் ஓரத்தையே முதலில் தேர்வு செய்யுங்கள்.

பச்சை நிற நீரை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பாசியின் நிறம். பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிட்டாலும் இரவில் தானும் அதைச் செலவழிப்பதால் விடியற்காலையில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிப்பதை அப்போது காணலாம். விடியலே நல்ல நேரம் என்ற வழக்கமான எண்ணம் இத்தகைய நீரில் பொய்த்துப்போகும். வெயில் ஏறிய பிறகு போவதே நல்லது.

அடித்தரையை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஈயக்குண்டின் அடியில் சிறிது சோப்பை அழுத்தி ஒட்டி, தூண்டில் நரம்பில் கட்டி இறக்கி எடுத்தால், சேறோ மணலோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். எதுவும் ஒட்டாமல் இழுக்கும்போது கையில் தட்டுத் தட்டாக உணர்ந்தால் அது பாறை. ஆழம் குறைந்த மணல், களிமண் தரையில் ஆண் ஜிலேபிக் கெண்டை கிண்ணம்போல் குழி பறித்துப் பெண் மீனுக்காகக் காத்திருக்கும். நீர் தெளிந்திருந்தால் அந்தக் குழிகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். மிர்கால் அடிச்சேற்றைக் கிளறி உண்ணும். கட்லா மேல்மட்டத்து மீன் என்பதால் அதற்கு அடித்தரையைவிட நீரின் நிறமே முக்கியம். விரால் கரையோரச் செடிகளுக்குள் பதுங்கியிருந்து இரையைப் பாய்ந்து பிடிக்கும். அதற்குத் தவளையோ சிறு மீனோ செடியின் ஓரத்தை ஒட்டி அசைய வேண்டும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நீர் வற்றி வெளிப்படும் அணைச் சேறு மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் உள்ளே இளகியிருக்கும். கால் வைத்தால் இடுப்பு வரை இறங்கக்கூடும். மீன்பிடிக்க அனுமதியுள்ள இடத்தில், கல் பாவிய கரையிலிருந்தே தூண்டில் போடுங்கள். தனியாகப் போக வேண்டாம்.