செத்த டென்னிஸ் பந்துக்கு மறுபடி உயிர் வருமா?

கேள்வி: பழைய டென்னிஸ் பந்துகளில் மறுபடி காற்றழுத்தம் ஏற்றி, புதுப் பந்து மாதிரி துள்ள வைக்க முடியுமா? வீட்டிலேயே செய்யலாமா?

முடியும். நான் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் எல்லாப் பந்துக்கும் இது பலிக்காது. டப்பாவைத் திறந்து இரண்டு நாள் ஆடிவிட்டு, அப்புறம் ஒரு மாதம் கிட் பேக்கிலேயே கிடந்து செத்த பந்து என்றால் நிச்சயம் எழுந்து வரும். பத்து செட் அடிவாங்கி, கம்பளி தேய்ந்து மொட்டையான பந்துக்குக் காற்று ஏற்றினால் துள்ளல் மட்டும் வரும், பந்து வராது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது அழுத்தம் உள்ள பந்துதானா? டப்பாவைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று சத்தம் வந்திருந்தால் ஆம். தெருக் கிரிக்கெட்டுக்கு விற்கும் கனமான டென்னிஸ் பந்தும், பயிற்சிக்கென்றே வரும் அழுத்தமில்லாத பந்தும் வேறு வகை. அவற்றின் துள்ளல் முழுக்க ரப்பரின் தடிமனில் இருக்கிறது; உள்ளே ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை.

அழுத்தம் உள்ள பந்துக்குள் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 12 முதல் 14 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அழுத்தத்தை அளக்கும் கணக்கு) வரை அதிகமாக அழுத்தம் இருக்கும். அதாவது, உள்ளே கிட்டத்தட்ட இரண்டு பங்கு காற்று. அது எங்கே போகிறது? பந்தில் ஓட்டை எதுவும் கிடையாது. காற்று ரப்பரிலேயே கரைந்து, ஊர்ந்து, மறுபக்கம் வெளியே வந்துவிடுகிறது. பிறந்தநாள் பலூனை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இரண்டு நாளில் சுருங்குகிறதே, அதே கதைதான்.

அப்படியானால் காற்று கசியாத ரப்பரில் பந்தைச் செய்தால் என்ன என்று நானும் கேட்டேன். அந்த ரப்பர் இருக்கத்தான் செய்கிறது. சைக்கிள் டியூப் செய்கிற பியூட்டைல் ரப்பர் காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் அதில் பந்து செய்து கீழே போட்டால் சாணி உருண்டை மாதிரி ‘பொத்’ என்று உட்கார்ந்துவிடும். அடியின் வேகத்தை உள்ளே விழுங்கிவிடுகிற ரகம் அது. நன்றாகத் துள்ளுவது இயற்கை ரப்பர்; காற்றை ஒழுகவிடுவதும் அதுதான். துள்ளலும் வேண்டும், காற்றும் நிற்க வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே ரப்பர் தராது. 2000களின் தொடக்கத்தில் வில்சன் நிறுவனம் ‘டபுள் கோர்’ என்று ஒரு பந்து கொண்டுவந்தது. இயற்கை ரப்பர் ஓட்டின் உட்புறம், களிமண்ணின் நுண்தகடுகள் கலந்த பியூட்டைல் பூச்சு. காற்று அந்தத் தகடுகளைச் சுற்றிச் சுற்றி வழி தேட வேண்டியிருப்பதால் கசிவு குறையும். நல்ல யோசனை. ஆனால் இன்றைக்கும் நாம் வாங்கும் சாதாரணப் பந்துகள் பழையபடி ஒழுகிக்கொண்டுதான் இருக்கின்றன.

இதற்குப் பந்துக் கம்பெனிகள் பிடித்த எளிய வழி டப்பா. டப்பாவுக்குள்ளும் பந்துக்குள்ளும் ஒரே அழுத்தம். வெளியே போகிற அளவு உள்ளேயும் வருவதால் பந்து அப்படியே இருக்கும். நாம் ‘புஸ்’ என்று திறந்த அந்த நொடியிலிருந்து பந்து சாகத் தொடங்குகிறது, ஆடினாலும் ஆடாவிட்டாலும்.

இதிலேயே வைத்தியமும் இருக்கிறது. பந்தை வெளியழுத்தம் அதிகமாக உள்ள ஒரு பாத்திரத்தில் அடைத்தால், காற்று வந்த வழியே திரும்பிப் போகும். ஊசி வேண்டாம், ஓட்டை வேண்டாம்.

இது தெரிவதற்கு முன் நான் செய்த கூத்துகளையும் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது தவிர்க்கலாம். ஊசி போட்டுக் காற்று ஏற்றிப் பார்த்தேன். பந்து கல் மாதிரி ஆனது. நான்கு கேம் முடிவதற்குள் ஊசித் துளை வழியே எல்லாம் போய்விட்டது. பசை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் பந்து நசுங்கி விரிகிறது, எந்தப் பசை தாங்கும்? அப்புறம் வெயிலில் காய வைத்தேன். மதியம் ஜோராகத் துள்ளியது, சாயங்காலம் பழைய குருடி. 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடானால் உள்ளே ஏறுவது ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தான். கூடவே ரப்பரும் கொஞ்சம் இளகித் துள்ளும். ஆறினால் இரண்டும் போய்விடும். சொல்லப்போனால் சூட்டில் காற்று இன்னும் வேகமாகக் கசியும். கார் டிக்கியில் பந்து வைப்பவர்கள் கவனிக்க.

பிரஷர் குக்கர் யோசனை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. குக்கர் வெயிட் தூக்குவதே சுமார் 15 பிஎஸ்ஐ-யில்தான். அதாவது புதுப் பந்தின் அழுத்தத்துக்குச் சமம். அதற்கு மேல் ஏற்ற வழியில்லை, செத்த பந்தைத் தேற்ற அது போதாது. வால்வு வைக்க மூடியில் துளை போட்டால் அப்புறம் அந்தக் குக்கரில் பருப்பு வேக வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

அடுத்து, இணையத்தில் எல்லோரும் காட்டுகிற பிவிசி பைப். இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆபத்து. 110 எம்.எம். பைப்பை வெட்டி, ஒரு பக்கம் மூடி ஒட்டி, மறுபக்கம் மரையுள்ள மூடி போட்டு, பஞ்சர் கடையில் வாங்கிய டியூப்லெஸ் வால்வைப் பொருத்தினேன். பைப் ஒட்டும் சொல்யூஷன் தடவி ஒரு மணி நேரம்கூடக் காய விடவில்லை. சைக்கிள் பம்பால் 25 பிஎஸ்ஐ ஏற்றி ஹாலில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். ராத்திரி பதினொரு மணிக்கு வெடிச் சத்தம். ஒட்டிய மூடி பிய்த்துக்கொண்டு போய் ஃபேன் இறக்கையை வளைத்திருந்தது. என் மனைவி வந்து பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: “இது பக்கத்துல யாராவது உக்காந்திருந்தா?”

மறுநாள்தான் கணக்குப் போட்டேன். 30 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. 110 எம்.எம். பைப்பின் வாய் சுமார் 85 சதுர சென்டிமீட்டர். ஆக 30 ஏற்றினால் அந்த மூடியை வெளியே தள்ளுவது 180 கிலோ; நான் ஏற்றிய 25-க்கே 150 கிலோ. இரண்டு ஆள் எடைக்கு மேல். பைப்பில் ‘6 கிலோ’ (சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ தாங்கும்) என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அது தண்ணீருக்கான கணக்கு. தண்ணீர் அமுங்காது, பைப் விரிந்தால் கொஞ்சம் பீச்சிவிட்டு அடங்கிவிடும். அமுக்கிய காற்று சுருட்டி வைத்த ஸ்பிரிங் மாதிரி, விட்டால் மொத்தமாகப் பாயும். அதுவும் பிவிசி வளையாமல் சில்லு சில்லாகச் சிதறும். பல பேர் செய்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். இருக்கலாம். நான் இனி செய்ய மாட்டேன், உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

நான் இருப்பது கோயம்புத்தூர். இங்கே தெருவுக்கு ஒரு லேத் பட்டறை உண்டு என்பது என் அதிர்ஷ்டம். தெரிந்த பட்டறைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். “ஏனுங்க, பந்துக்கா இத்தனை?” என்று சிரித்தார். ஆனால் வேலையில் விளையாடவில்லை. 6 அங்குல எம்.எஸ். (சாதாரண இரும்பு) பைப், ஒன்றரை அடி நீளம். அடியில் தடித்த தகடு வெல்டிங். மேலே ஃப்ளாஞ்ச் (போல்ட் போடும் விளிம்பு வளையம்) வைத்த மூடி, நடுவில் காற்று கசியாமல் இருக்க ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம், எட்டு போல்ட். ஒரு வால்வு, ஒரு பிரஷர் கேஜ், 45 பிஎஸ்ஐ-யில் தானே திறந்துகொள்ளும் ஒரு சேஃப்டி வால்வு. சேஃப்டி வால்வைப் பொருத்தும் முன், அந்தத் துளையை அடைத்து, உள்ளே முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் 90 பிஎஸ்ஐ வரை ஏற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார். தண்ணீரில் சோதித்தால் எங்காவது விட்டுக்கொடுத்தாலும் ஆளுக்கு ஆபத்தில்லை. இந்தச் சோதனை இல்லாமல் நானே எடுத்துக்கொண்டு வந்திருக்க மாட்டேன். இந்த மூடிக்கு 30 பிஎஸ்ஐ-யில் வரும் தள்ளல் கிட்டத்தட்ட 390 கிலோ. எட்டு போல்ட்டுக்கு அது ஒன்றுமேயில்லை. இந்த ட்ரம்மில் அடுக்குக்கு 3 பந்து, 6 அடுக்கு, ஆக 18 பந்து பிடிக்கும்.

பட்டறை வசதி இல்லாதவர்கள் இதற்கென்றே விற்கும் அழுத்த டப்பாவை வாங்கிக்கொள்வது நல்லது. மூன்று நான்கு பந்து பிடிக்கும். ஆனால் வாங்கும் முன் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பாருங்கள். மூடியைத் திருகினால் கொஞ்சம் அழுத்தம் வரும் வகை, இருக்கும் பந்தைக் காப்பாற்றும், செத்ததை எழுப்பாது. பம்பு வைத்து 30 பிஎஸ்ஐ ஏற்றும் வகைதான் எழுப்பும்.

சரி, எவ்வளவு, எத்தனை நாள்? என் அனுபவத்தில், பாதி செத்த பந்துக்கு 30 பிஎஸ்ஐ-யில் நான்கைந்து நாள். முழுக்கச் செத்ததற்குப் பத்து முதல் பதினான்கு நாள். முழுக்கச் செத்ததை ஒரே மூச்சில் 30-க்கு ஏற்றினால் சில பந்துகள் ஒரு பக்கம் குழிந்துபோகும். பயப்பட வேண்டாம், உள்ளே காற்று சேரச் சேர நிமிர்ந்துவிடும். நான் இப்போதெல்லாம் முதல் இரண்டு நாள் 15-இல் வைத்து அப்புறம் ஏற்றுகிறேன். மறந்துபோய் ஒரு மாதம் விட்டால் பந்து கல்லாகி, தோளுக்கு மேல் எகிறும். அப்படியானால் வெளியே போட்டு வையுங்கள், சில நாளில் தணிந்துவிடும்.

துள்ளலை அளக்கச் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் விதி இருக்கிறது: 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. நான் கதவு நிலையின் மேல்விளிம்பிலிருந்து, அதாவது 210 சென்டிமீட்டரிலிருந்து, புதுப் பந்தை விட்டு அது எழுந்த இடத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டேன். 115 வந்தது. ட்ரம்முக்குள் போகும் முன் பழைய பந்துகள் 90-ஐ ஒட்டியே எழுந்தன. பத்து நாள் கழித்து 112. செல்போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தால் போதும்.

இனி மொட்டைப் பந்து விஷயம். ஆட்டத்தில் பந்தின் வேகத்தையும் சுழலையும் தீர்மானிப்பதில் பாதி அந்த மஞ்சள் கம்பளிக்கு. காற்றில் பந்தை இழுத்துப் பிடிப்பதும், ராக்கெட் நரம்பிலும் தரையிலும் பிடிமானம் தருவதும் அதுதான். தேய்ந்த பந்தில் அழுத்தம் மட்டும் ஏற்றினால் சறுக்கிக்கொண்டு வேகமாக வரும், டாப் ஸ்பின் (முன்னோக்கிய சுழல்) எடுக்காது. எங்கள் கோர்ட்டில் பயிற்சிக்குப் பந்து அடித்துக் கொடுக்கும் மார்க்கர் அப்படியொரு பந்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சார், இது வழுக்கைத் தலைக்கு டை அடிச்ச மாதிரி இருக்கு” என்றார். அதோடு மொட்டைப் பந்துகளை ட்ரம்மில் போடுவதை நிறுத்திவிட்டேன். அவை தெருப் பையன்களுக்கு. இன்சுலேஷன் டேப் சுற்றிக் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

ஒரு குறுக்கு வழியும் முயன்றேன். பட்டறையில் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். இயற்கை ரப்பர் வழியே அந்த வாயு, நைட்ரஜனைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். பட்டறைக்காரரே ரெகுலேட்டர் மாட்டி நிரப்பித் தந்தார். இரண்டே நாளில் பந்து தயார்! ஆனால் வந்த வேகத்திலேயே போகவும் செய்யும் என்பதை நான் யோசிக்கவில்லை. சனிக்கிழமை பிரமாதமாக ஆடிய பந்து அடுத்த சனிக்கிழமைக்குள் செத்துக் கிடந்தது. சாதாரணக் காற்றே போதும். அதிலும் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தானே.

இத்தனைக்கும் பிறகு என் பழக்கம் கொஞ்சம் மாறிவிட்டது. செத்ததை எழுப்புவதைவிட, சாக விடாமல் வைத்திருப்பதுதான் சுலபம். புது டப்பா திறந்தால், அன்றைய ஆட்டம் முடிந்ததும் பந்துகள் நேராக ட்ரம்முக்குப் போகும், அழுத்தம் வெறும் 14 பிஎஸ்ஐ. உள்ளேயும் வெளியேயும் சமம். ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் அப்படியே இருக்கும். 14 என்றால் சாதாரணக் கைப்பம்பில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், பாத்திரத்துக்கும் பாரமில்லை. நாங்கள் நான்கு பேர், வாரம் நான்கு நாள் டபுள்ஸ். முன்பு மாதம் ஆறு டப்பா வாங்குவோம், இப்போது மூன்று. ட்ரம்முக்கு ஆன செலவு 2,800 ரூபாய், ஃபேன் இறக்கை தனி.

டோர்னமென்ட்டுக்கு இந்தப் பந்துகளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கம்பளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பழைய பந்து பழைய பந்துதான். பெரிய போட்டிகளில் முதல் ஏழு கேம் முடிந்ததும், அப்புறம் ஒவ்வொரு ஒன்பது கேமுக்கு ஒரு முறையும் பந்தை மாற்றிவிடுகிறார்கள். காலை ஆறு மணி டபுள்ஸுக்கு ட்ரம் பந்து தாராளம். ஒன்றே ஒன்று, மூடியின் போல்ட்டைக் கழற்றும் முன் வால்வை அமுக்கிக் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.