வெள்ளியா, நிக்கலா?

கேள்வி: எங்கள் பள்ளிக்கூட பான்ட் குழுவிடம் ஐரோப்பாவில் செய்த பழைய யூபோனியம் (பித்தளையில் செய்த பெரிய ஊதுகருவி) ஒன்று இருக்கிறது. வெள்ளை நிறம், கை பிடிக்கிற இடத்தில் பித்தளை தெரிகிறது. வெள்ளிப் பூச்சா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ஆசையைக் கெடுக்கிறேன், அநேகமாக நிக்கல்தான். வெள்ளி என்றால் பெட்டிக்குள் கிடந்தே கறுத்திருக்கும். நிக்கல் அப்படிக் கறுக்காது, லேசான மஞ்சள் சாயலோடு மங்கும். 1840களில் ஜெர்மனியின் வேதியியலாளர் பியோட்கர் நிக்கல் முலாமுக்கு வழி காட்டினார். 1869இல் அமெரிக்காவின் ஐசக் ஆடம்ஸ் காப்புரிமை பெற்ற பிறகே அது பெருந்தொழிலானது. வெள்ளியைவிட மலிவு, கடினமும் கூட. ஊர்வலம் போகும் பான்ட்காரருக்கு வேறென்ன வேண்டும்? சிலருக்கு நிக்கல் பட்டால் தோல் அரிக்கும், அதனால் மௌத்பீஸ் (வாய் வைத்து ஊதும் பகுதி) மட்டும் வெள்ளிப் பூச்சுள்ளதாகப் பாருங்கள். அப்புறம், பித்தளை தெரிகிறதே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அது குத்துவிளக்குக்குச் சரி. வன்னிப் புழுதிக்கு ஈரத்துணி போதும்.