மண்டிக்கும் பட்டறைக்கும் மென்பொருள்: வாசகர் கேள்வி - பதில்

தனியாளாக மென்பொருள் எழுதி விற்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவற்றை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம்.

தக்காளி மண்டிக்கு பில் போடும் மென்பொருள் எழுதினேன். மூன்று மண்டிக்காரர்கள் வாங்கினார்கள். ஆளுக்கொரு மாற்றம் கேட்டதில் இப்போது மூன்று தனித்தனி நகல்கள் ஆகிவிட்டன. நான்காவதாக ஒருவர் கேட்கிறார். ஒரே விலையாக விற்றுவிடலாமா, ஆண்டுக் கட்டணம் வாங்கலாமா?
– வாசகர், பாலக்கோடு

விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் நகல்களை ஒன்றாக்குங்கள். அதற்காக நான்காவது ஆளை ஒரு மாதம் காக்கவைத்தாலும் பரவாயில்லை. மூன்று நகல் இருக்கும்வரை ஒரு பிழையை மூன்று இடத்தில் திருத்த வேண்டும். ஏதாவது ஒன்றில் விட்டுப்போகும், அது எந்த நகல் என்பதும் மறந்துபோகும்.

மண்டிக்கு மண்டி மாறுவது பெரும்பாலும் ஐந்தாறு விஷயங்கள்தான்: கமிஷன் சதவீதம், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, பெட்டி எடைக் கழிவு, பைசாவை முழு ரூபாயாக்கும் முறை, விவசாயிக்குத் தரும் சீட்டின் அமைப்பு. இவற்றை நிரலில் எழுதாமல் அமைப்பு (செட்டிங்ஸ்) அட்டவணை ஒன்றில் வையுங்கள். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பில் போடும்போது பயன்பட்ட கமிஷன் சதவீதத்தை அந்த பில்லுடனேயே சேமிக்க வேண்டும். அமைப்பிலிருந்து மட்டும் எடுத்தால், அடுத்த மாதம் சதவீதத்தை மாற்றியதும் பழைய சீட்டை மறுபடி அச்சடிக்கையில் தொகை வேறாக வரும். விவசாயி பழைய சீட்டோடு வந்து நிற்பார், மண்டிக்காரர் உங்களுக்கு போன் போடுவார். பணத்தைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாகவும், எடையைக் கிராம் கணக்கில் முழு எண்ணாகவும் வையுங்கள். தசம எண்ணாக வைத்தால் நாள் முடிவுக் கூட்டலில் ஒரு பைசா இரண்டு பைசா உதைக்கும். தொகை சிறிதுதான், ஆனால் கணக்குப்பிள்ளைக்கு மென்பொருள்மேல் இருக்கும் நம்பிக்கை அதிலேயே போய்விடும்.

புதிதாக ஒருவர் மாற்றம் கேட்டால் குறித்துக்கொள்ளுங்கள். அதையே மூன்று பேர் கேட்டால் இலவசமாகச் செய்யுங்கள். ஒருவருக்கு மட்டும் அவசரம் என்றால் காசு வாங்கிக்கொண்டு, அப்போதும் எல்லோருக்குமான பதிப்பில் ஓர் அமைப்பாகவே சேருங்கள்.

இனி விலை. ஒரே தடவை விற்றுவிட்டு ஆயுளுக்கும் போன் எடுப்பது கட்டுப்படியாகாது. உதாரணமாக, முதலாண்டு நிறுவல், பயிற்சியோடு 15,000 ரூபாய், அடுத்த ஆண்டுகளுக்குப் பராமரிப்புக் கட்டணம் 6,000 என்று வைத்தால், மாதம் 30,000 நிலையாக வர 60 வாடிக்கையாளர்கள் வேண்டும். ஒவ்வொருவரும் மாதம் இரண்டு முறை கூப்பிட்டு, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் பேசினால் 30 மணி நேரம். ஒருவர் தாங்கலாம். கட்டணத்தை 3,000 ஆக்கினால் 120 பேர், 60 மணி நேரம். நிரல் எழுத நேரமிருக்காது. ஆகவே விலையைக் குறைப்பதைவிட, ஒரே கேள்விக்கு இரண்டு பேர் கூப்பிட்டால் அந்தத் திரையையே மாற்றுவது லாபம்.

புதுப்பிக்கும் தேதியிலும் கவனம் வேண்டும். தக்காளிக்கு ஆண்டு முழுக்க வரத்து உண்டு. மாங்காய் மண்டிக்கு விற்றால் ஏப்ரலில் வையுங்கள். சீசன் தொடங்கும் முன் எல்லோரும் கட்டிவிடுவார்கள். ஆகஸ்டில் கடை மூடியவரிடம் போய்க் கேட்டால் அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்பார். மே முதல் ஜூலை வரை மாங்காய் மண்டிக்குப் புதுப் பதிப்பு எதுவும் அனுப்பாதீர்கள், பிழைத்திருத்தம் மட்டும்.

கட்டணம் கட்டாதவரின் மென்பொருளை முழுதாகப் பூட்டிவிடவும் வேண்டாம். ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் தம் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கக் கடமைப்பட்டவர். பழைய பில்லைப் பார்க்க, அச்சடிக்க, எக்செலில் எடுக்க எப்போதும் வழி விடுங்கள். புதுப் பதிப்பையும் போன் உதவியையும் மட்டும் நிறுத்துங்கள்.

லேத் பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க் (பிறர் அனுப்பும் பொருளில் வேலை செய்து திருப்பித் தருவது) சலான் மென்பொருள் கொடுக்கிறேன். ஒரு பட்டறையில் நான்கு கணினிகள். எஸ்கியூலைட் (எல்லாத் தரவையும் ஒரே கோப்பில் வைக்கும் தரவுத்தளம்) கோப்பைப் பகிர்ந்த ஃபோல்டரில் வைத்தேன். அடிக்கடி 'லாக்' ஆகிறது. போன வாரம் கரண்ட் போய் வந்தபின் கோப்பே கெட்டுவிட்டது.
– வாசகர், ஓசூர்

கெட்டது கரண்டால் மட்டுமல்ல. எஸ்கியூலைட் ஒரு கணினியில் இருக்கும் கோப்புக்கானது. நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்தால், ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் கோப்புப் பூட்டு சரியாக வேலை செய்யும் என்ற உறுதி கிடையாது. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் எழுதிவிடும். 'வால்' (WAL) முறைக்கு, அதாவது மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறைக்கு, மாற்றினால் தீரும் என்று சிலர் சொல்வார்கள். அது எல்லா நிரல்களும் ஒரே கணினியில் இருந்து நினைவகத்தைப் பகிர்ந்தால்தான் நடக்கும், நெட்வொர்க்கில் நடக்காது.

ஒரு கணினியை சர்வராக்குங்கள். அதில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள சர்வரைப் போடலாம். அல்லது எஸ்கியூலைட்டையே வைத்து, அதைத் தொடுவது ஒரே ஒரு சர்வர் நிரல் என்று ஆக்கி, மற்ற மூன்றும் பிரவுசர் வழியாக வரட்டும். பட்டறைக்கு இரண்டாவது வழியே போதும். அந்தக் கணினிக்கு மாறாத ஐ.பி. முகவரி கொடுங்கள், இல்லையென்றால் ரவுட்டரை அணைத்துப் போட்ட நாளில் 'சாஃப்ட்வேர் ஓடலை' என்று போன் வரும். யு.பி.எஸ்.ஸில் சர்வரோடு நெட்வொர்க் சுவிட்சையும் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள். மோட்டார் ஓடும் லைனிலேயே கணினியையும் மாட்டியிருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

பேக்கப்பை இரவு 2 மணிக்கு வைப்பது பெரிய கம்பெனிப் பழக்கம். பட்டறையில் ஷிப்ட் முடிந்ததும் மெயினையே அணைத்துவிடுவார்கள், ஒரு நாளும் ஓடாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை அப்படியே காப்பி செய்யாதீர்கள், பாதி எழுதிய நிலையில் போய்விடும். எஸ்கியூலைட்டுக்கென்றே உள்ள பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஒரு நகல் வேறு கணினியில், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. எப்போதும் செருகியே இருக்கும் பென்டிரைவை மூன்றாவது நகல் என்று எண்ண வேண்டாம், பணம் பறிக்கும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாதம் ஒரு முறை அந்த நகலை உங்கள் மடிக்கணினியில் திறந்து, கடைசி சலான் எண் பட்டறையில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகல் இருந்தும் பயனில்லை.

கேட்காத ஒன்று: ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஜி.எஸ்.டி. சட்டம் கொள்ளும். 300 நாள் தாண்டிய சலான்களைச் சிவப்பில் காட்டும் ஒரு திரை இருந்தால், அதற்காகவே உங்கள் மென்பொருளை வாங்குவார்கள்.

நான் ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா? ஆண்டு வரவு 7 லட்சம். பெங்களூரிலும் இரண்டு வாடிக்கையாளர்கள்.
– வாசகி, காரிமங்கலம்

சேவைக்கு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். வெளிமாநிலத்துக்குச் சேவை கொடுத்தாலும் 2017 அக்டோபரிலிருந்து இதே வரம்புதான். எனவே இப்போது கட்டாயமில்லை. பதிவில்லாமல் பில்லில் வரி போட்டு வாங்கக் கூடாது.

உங்களுக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யைத் தம் வரியில் கழித்துக்கொள்ள (உள்ளீட்டு வரி) பெங்களூர்க்காரர் கேட்டால், விரும்பிப் பதிவு எடுக்கலாம். ஆனால் எடுத்த நாளிலிருந்து எல்லோருக்கும் 18 சதவீதம், வியாபாரம் இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன், தவறினால் தாமதக் கட்டணம். பதிவில்லாத சிறு கடைகளே உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால் அவர்களுக்கு அது வெறும் விலையேற்றம். பதிவு எடுத்தபின், பதிவுள்ள ஓசூர்க்காரருக்கு 9 + 9 (மத்திய, மாநில வரி), பக்கத்திலேயே இருந்தாலும் கர்நாடகத்தில் உள்ள அத்திப்பள்ளிக்காரருக்கு 18 ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலங்களுக்கிடையிலான வரி) என்று பில் பிரியும். மாநிலத்தை முகவரியிலிருந்து ஊகிக்காமல் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கத்திலிருந்து எடுங்கள்: தமிழ்நாடு 33, கர்நாடகா 29.

டேலி கணக்கு மென்பொருள் இருக்கும்போது என் மென்பொருளை ஏன் வாங்க வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், பர்கூர்

டேலியோடு மோதாதீர்கள். அன்றாட பில்லை உங்களிடம் போட்டு, மாத முடிவில் ஆடிட்டர் டேலியில் ஏற்றிக்கொள்ள ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பு கொடுங்கள். லெட்ஜர் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் அது ஏறாது. பெயர்களை டேலியிலிருந்து எடுத்தே பட்டியலாக வையுங்கள்.

தமிழில் சீட்டு அச்சடித்தால் கேள்விக்குறியாக வருகிறது. தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் செலவு இரண்டு மடங்காகிறது.
– வாசகர், கிருஷ்ணகிரி

சாதாரண தெர்மல் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்து கிடையாது. வரியைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 80 மி.மீ. தாளில் பொதுவாக 576 புள்ளி அகலம், 58 மி.மீ. தாளில் 384. எழுத்து உயரம் 24 புள்ளிக்குக் குறைந்தால் மெய்யெழுத்தின் மேல்புள்ளியும் கொம்பும் அடைத்துக்கொள்ளும். 'கொ'வில் கொம்பு இடம் மாறி வந்தால், நீங்கள் வரையப் பயன்படுத்தும் நூலகம் எழுத்துகளைக் கோக்கவில்லை என்று பொருள். எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் (HarfBuzz) உள்ள நூலகத்துக்கு மாறுங்கள். தொகை மட்டும் உள்ள வரிகளைச் சாதாரண எழுத்தாகவே அனுப்பினால் வேகம் குறையாது. நீளப் பெயரை வெட்டும்போது கவனம்: கணினி 'ன்' என்பதை 'ன', மேல்புள்ளி என இரண்டு குறியீடாக எண்ணும், அந்த எண்ணிக்கையில் வெட்டினால் 'முருகன்' 'முருகன' ஆகிவிடும்.

எஸ்.எம்.எஸ்.ஸிலும் இதே கணக்குதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்திக்கும் 70. நீண்டு பல துண்டானால் துண்டுக்கு 67. 'கிருஷ்ணகிரி' கண்ணுக்கு ஆறு எழுத்து, கணக்கில் பதினொன்று. டி.எல்.டி.யில் (வணிக எஸ்.எம்.எஸ். வாசகங்களை முன்கூட்டியே பதியும் தளம்) பதிந்த வாசகத்திலிருந்து, மாறும் விவரங்களுக்கு விட்ட இடம் தவிர, ஒரு சொல் மாறினாலும் செய்தி போகாது. ஆகவே முதலிலேயே 70-க்குள் எழுதிப் பதியுங்கள்: பெயர், எடை, தொகை போதும். 'அன்புள்ள வாடிக்கையாளரே' தேவையில்லை.

ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த நிரலை மற்றவருக்கும் விற்கலாமா? ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை.
– வாசகர், பென்னாகரம்

நீங்கள் அவர்களிடம் சம்பளத்துக்கு இல்லாமல், வெளியிலிருந்து எழுதிக் கொடுத்திருந்தால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக முதல் உரிமையாளர் நீங்களே. உரிமை கைமாற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். அப்படி எழுதும்போது காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அவர்களுடைய விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விவரம், தொழில் ரகசியம் ஆகியவை உங்களுடையவை அல்ல, தொடாதீர்கள். இனிமேல் ஒரு பக்கமாவது எழுதுங்கள்: என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம், பொது நிரல் யாருக்கு, பணம் எப்போது. முன்பணம் 40, சோதனைப் பதிப்பு ஓடியதும் 40, ஒப்படைத்ததும் 20 சதவீதம் என்று பிரித்தால் கடைசியில் மாட்டிக்கொள்ளும் தொகை சிறிதாகும்.

பெரிய கம்பெனி ஒன்று மூன்று மாதமாகப் பணம் தரவில்லை.
– வாசகர், ஊத்தங்கரை

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா? இல்லாவிட்டால் இன்றே எடுங்கள், அரசுத் தளத்தில் இலவசம், காசு கேட்பது போலித் தளம். பதிவுள்ள சிறு தொழிலுக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. பதிவுக்கு முன் முடித்த வேலைக்கு இதைக் கேட்பது கடினம். இனி பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடியுங்கள், அவர்கள் கணக்குப் பிரிவு அதைப் பார்த்ததும் வேகம் கூடும்.

என் செயலியை ப்ளே ஸ்டோரில் போட எவ்வளவு ஆகும்?
– வாசகி, அரூர்

கணக்குக்கு 25 டாலர், ஒரே முறை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால், முதலில் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். இடையில் ஒருவர் விலகினால் எண்ணிக்கை குறையும், அதனால் 18 பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருப்பது இரண்டு வாடிக்கையாளர்கள் மட்டும் என்றால் ஸ்டோரே வேண்டாம், போன் பிரவுசரில் திறக்கும் பக்கமாகக் கொடுத்து முகப்புத் திரையில் ஐகான் வைத்துக்கொடுங்கள்.