சத்யஜித் ராய் எடுக்க நினைத்து எடுக்காமல் போன படம் எது? ஏன் நின்றது?

முதலில் சொல்ல வேண்டியது 'தி ஏலியன்'. 1962-இல் 'சந்தேஷ்' இதழில் ராய் எழுதிய 'பங்குபாபுர் பந்து' என்ற சிறுகதையில், வேற்றுக்கிரகவாசி ஒருவர் ஒரு சாதுவான பள்ளி ஆசிரியரைச் சந்திப்பார். அந்த எண்ணம்தான் 1967-இல் திரைக்கதையாக வளர்ந்தது.

வங்காளக் கிராமம் ஒன்றின் தாமரைக் குளத்தில் விண்கலம் இறங்குகிறது. ஊர்மக்கள் அதைக் கோயில் என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். உள்ளே இருப்பவனோ ஹாபா என்ற ஏழைச் சிறுவனோடு நட்பாகிறான். அந்தக் காலத்துப் படங்களில் வேற்றுக்கிரகவாசி என்றாலே பெரும்பாலும் பயமுறுத்தத்தான் வருவான். ராய் அவனை விளையாட்டுப் பிள்ளையாக யோசித்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சரி, ஏன் நின்றது? கொழும்பில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் மூலம், அவருடைய நண்பர் மைக் வில்சன் என்பவர் தயாரிப்பாளராக இதில் நுழைந்தார். ஹாலிவுட்டின் கொலம்பியா பட நிறுவனம் முன்வந்தது, மார்வாடி வியாபாரி வேடத்துக்கு பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸ் பேசப்பட்டார். ஆனால் ஹாலிவுட்டில் சுற்றிய திரைக்கதைப் பிரதிகளில் பதிப்புரிமை வில்சன், ராய் இருவர் பெயரிலும் இருந்தது. ராய் எழுதிய கதை அது! அப்புறம் செல்லர்ஸும் விலகினார், ராய் மனம் வெறுத்து ஒதுங்கினார்.

1982-இல், வேற்றுக்கிரகவாசி ஒரு சிறுவனோடு நட்பாகும் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படம் வந்தபோது, தன் திரைக்கதை அமெரிக்காவில் பரவாமல் அந்தப் படம் சாத்தியமில்லை என்றார் ராய். ஸ்பீல்பெர்க் மறுத்தார். யார் சரி என்ற வாதத்தைவிட, அந்தத் தாமரைக் குளக் காட்சியை ராயின் கேமரா வழியாகப் பார்க்க முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பு.