உள்ளே உட்காரலாம், எடுத்துப் போகலாமா? – நூலகக் கேள்வி பதில்

கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களை வெளியார் பயன்படுத்துவது பற்றி வந்திருக்கும் கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

எம்.ஏ. தமிழ் முடித்துப் 12 வருடம் ஆகிறது. முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் உள்ள அரசு உதவிபெறும் கல்லூரியில் பெரிய நூலகம் இருக்கிறது. நான் அங்கே படித்தவள் இல்லை. என்னை உள்ளே விடுவார்களா, புத்தகம் தருவார்களா?
– வாசகி, திண்டுக்கல்

உங்கள் கேள்வியில் இரண்டு அனுமதிகள் இருக்கின்றன. நூலகத்துக்குள் உட்கார்ந்து படிப்பது ஒன்று, புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது மற்றொன்று. முதலாவது, முறையாகக் கேட்டால் பல கல்லூரிகளில் கிடைக்கும். இரண்டாவது வெளியாருக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். ஒரே கடிதத்தில் இரண்டையும் கேட்டால் இரண்டுமே போய்விடும். முதலில் படிக்க மட்டும் அனுமதி கேளுங்கள்.

கடன் தரத் தயங்குவதற்கு வலுவான காரணம் உண்டு. மாணவர் புத்தகத்தைத் திருப்பித் தராவிட்டால் நூலகத்தின் கையில் ஒரு பிடி இருக்கிறது: நூலகர் ‘நோ டியூஸ்’ கையெழுத்துப் போடாமல் மாற்றுச் சான்றிதழ் வாங்க முடியாது. உங்களிடம் அந்தப் பிடி எதுவும் இல்லை. ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தால், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். அவர் முகம் கடுகடுத்தால் அதற்கு இதுதான் காரணம், உங்கள் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அனுமதி தருகிற அதிகாரம் கல்லூரி முதல்வருக்கு. ஆனால் முதல்வர் முதலில் கேட்பது நூலகரைத்தான். அதனால் கடிதத்தை ‘முதல்வர் அவர்களுக்கு, நூலகர் வழியாக’ என்று எழுதி, நேரில் போய் நூலகரிடம் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெயர், முகவரி, தொலைபேசி எண், கல்வித்தகுதி, எந்தத் தேர்வுக்குப் படிக்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்தில் எந்தெந்த நாள், எந்த நேரம் என்பது இருந்தால் போதும். ‘எனக்கு வசதியான நேரங்களில்’ என்று எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். ‘ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 31 வரை, செவ்வாய், வியாழன், காலை 10.30 முதல் 1 மணி வரை’ என்று எழுதினால் அங்கேயே கையெழுத்தாக வாய்ப்பு உண்டு. அடியில் தேவையான ஐந்தாறு புத்தகங்களின் பெயரையும் நூலகப் பட்டியலில் உள்ள எண்ணையும் குறித்துவிடுங்கள்.

இணைக்க வேண்டியவை: பட்டச் சான்றிதழ் நகல், அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு. ஆதார் கொடுப்பதானால் முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட நகலைக் கொடுங்கள். அதன் குறுக்கே ‘நூலக அனுமதிக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிவிடுங்கள். அசல் சான்றிதழை ஈடாகக் கேட்டால் கொடுக்கவே வேண்டாம். கடிதத்தின் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல்வர் மாறினாலும், நூலகர் விடுப்பில் போனாலும் அந்தத் தாள் காப்பாற்றும்.

காலம் பார்த்துப் போவது முக்கியம். நவம்பரிலும் ஏப்ரலிலும் பருவத்தேர்வு நெருக்கடி. சொந்த மாணவர்களுக்கே நாற்காலி இருக்காது. கோடை விடுமுறையில் பல இடங்களில் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். அப்போது அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைக்கூட நகர்த்த விடமாட்டார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை, பிறகு ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நல்லவை.

ஒன்று கவனியுங்கள். ‘புத்தக வங்கி’ முத்திரை உள்ள பாடநூல்கள் பெரும்பாலும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கென்று வாங்கப்பட்டவை. அவற்றைக் கேட்க வேண்டாம்.

நூலகத்தின் கணினியில் தேடினால் ‘இல்லை’ என்கிறது, அலமாரியில் பார்த்தால் இருக்கிறது. எண்ணைப் பிடித்துக்கொண்டு போனாலும் புத்தகம் அகப்படுவதில்லை. என்ன தவறு செய்கிறேன்?
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டு இடத்தில் சறுக்குகிறீர்கள் என்று நினைக்கிறோம்.

முதலாவது எழுத்து. பல கல்லூரிகளில் ‘கோஹா’ போன்ற மென்பொருளில்தான் நூற்பட்டியல் இருக்கிறது. அதில் தமிழ் எழுத்தில் தேட முடியும். ஆனால் பதிவு செய்தவர் ரோமன் எழுத்தில் தட்டியிருந்தால் நீங்கள் தமிழில் தேடியது கிடைக்காது. ‘தமிழ்’ என்ற சொல்லையே ஒருவர் ‘டி’யில் தொடங்கி ‘எல்’லில் முடிப்பார், இன்னொருவர் ‘டி, எச்’சில் தொடங்கி ‘இசட், எச்’சில் முடிப்பார். தலைப்பை முழுதாகத் தட்டாமல், ஆசிரியர் பெயரின் ஒரு பகுதியைத் தட்டுங்கள். முன்னெழுத்தை விட்டுவிடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் பதிப்பகத்தின் பெயர், பொருள் என்று மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது எண்ணை வாசிக்கும் முறை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811. புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம். 894.81109 என்பது தமிழ் இலக்கிய வரலாறு, 894.8111 கவிதை, 894.8113 புனைகதை. முழு எண்ணாகப் படிப்பவர் ‘எண்பத்தோராயிரத்து நூற்று ஒன்பது பெரியது, பின்னால்தான் இருக்கும்’ என்று வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறார். இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டால் 81109-இல் நான்காம் இலக்கம் 0, 8111-இல் 1. ஆகவே வரலாறு முன்னால், கவிதை அதற்குப் பிறகு. முதுகுச் சீட்டில் எண்ணுக்குக் கீழே இருக்கும் எழுத்துகள் ஆசிரியர் பெயருக்கானவை; ஒரே எண்ணுள்ள நூல்களை அவைதான் பிரித்து வரிசைப்படுத்துகின்றன.

எடுத்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் திருப்பிச் செருகாதீர்கள். மேசையிலேயே விட்டுவிடுங்கள். இடம் மாறிப் போன புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை யார் கண்ணிலும் படாது.

நான் படித்த கல்லூரியிலேயே முன்னாள் மாணவராக உறுப்பினராக முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பல கல்லூரிகளில் முடியும். முன்னாள் மாணவர் சங்க அட்டையைக் காட்டினால் படிக்க விடுவார்கள். கடனுக்குக் காப்புத்தொகை கேட்பார்கள். பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒன்றிரண்டு புத்தகங்கள்தான். கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் எவ்வளவு திருப்பித் தரும் காப்புத்தொகை, எவ்வளவு திரும்பி வராத சந்தா? ரசீதில் இரண்டும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். ‘நூலகக் கட்டணம்’ என்று மொத்தமாக எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் கழித்துக் காப்புத்தொகை கேட்டால் அலுவலகத்தில் தரமாட்டார்கள். ரசீதின் மை மங்கிவிடும், முதல் நாளே படம் எடுத்து வையுங்கள்.

பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர் நான். வேறொரு பல்கலைக்கழகத்தில் இருக்கும் பழைய ஆய்வேட்டையும், அச்சில் இல்லாத இரண்டு நூல்களையும் பார்க்க வேண்டும். எப்படிப் போவது?
– வாசகி, திருநெல்வேலி

பேருந்து ஏறுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

ஆய்வேட்டை முதலில் ‘சோத்கங்கா’வில் தேடுங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம் அது. கட்டணம் இல்லை, யாரும் பார்க்கலாம். ஆய்வேட்டின் மின்வடிவத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி கொண்டுவந்தது. அதற்குப் பிந்தையவை கிடைக்க வாய்ப்பு அதிகம். முந்தையவற்றிலும் ஒரு பகுதி ஏறியிருக்கிறது. தலைப்பில் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகம், துறை என்று படிப்படியாக இறங்கி, நெறியாளர் பெயரைக்கொண்டு பாருங்கள். ஆய்வேடு ஒரே கோப்பாக இராது. முகப்பு, சான்றிதழ், இயல் ஒன்று, இயல் இரண்டு என்று துண்டு துண்டாக இருக்கும். நூற்பட்டியல் உள்ள கடைசிக் கோப்பை மறக்காமல் இறக்குங்கள், உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது அதுதான்.

அச்சில் இல்லாத நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தைப் பாருங்கள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகள் நிறைய அங்கே இருக்கின்றன.

இரண்டிலும் கிடைக்காவிட்டால் உங்கள் சொந்தப் பல்கலைக்கழக நூலகரிடம் நூலகங்களுக்கு இடையிலான கடன் கேளுங்கள். டெல்லியில் உள்ள டெல்நெட் போன்ற வலையமைப்பில் உங்கள் நூலகம் உறுப்பினராக இருந்தால், அந்த வழியாக வேறு நூலகத்தின் புத்தகம் வரும். தனிநபர் நேரடியாகக் கேட்க முடியாது. கடன் வாங்குவது நூலகம், பொறுப்பும் அதற்கே; அதனால்தான் வெளியாருக்கு மறுக்கிற புத்தகத்தைக்கூட இந்த வழியில் தருகிறார்கள். அஞ்சல் செலவு உங்கள் தலையில் விழலாம். ஆய்வேடுகளும் அரிய நூல்களும் மட்டும் இப்படிப் பயணம் செய்யாது. ஒரே படிதான் இருக்கும் என்பதால் அவற்றை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

போவதானால் நெறியாளர் கையெழுத்தும், துறைத்தலைவர் மேலொப்பமும், முத்திரையும் உள்ள அறிமுகக் கடிதம் வேண்டும். அதில் உங்கள் பதிவு எண்ணும் ஆய்வுத் தலைப்பும் இருக்கட்டும். ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று பொதுவாக எழுதாமல், அந்தப் பல்கலைக்கழக நூலகருக்கே எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்னால் மின்னஞ்சலில் அனுப்பி, போவதற்கு முந்தைய நாள் தொலைபேசியில் உறுதி செய்யுங்கள். ஆய்வேட்டு அறையின் சாவி ஒரே ஒருவரிடம் இருக்கும். அவர் விடுப்பு என்றால் பயணம் வீண்.

நகல் விஷயத்தில் வாக்குவாதம் வேண்டாம். சொந்த ஆய்வுக்காக அளவோடு நகலெடுக்க 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் 60 வருடப் புத்தகத்தை ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு இரண்டாகப் பிளக்கும். பழுப்பேறிய தாள் ஓரத்தில் பொடிப்பொடியாக உதிரும். ஆகவே கைபேசியில் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். புத்தகத்தை முழுதாக விரிக்காமல், இருபக்க அட்டைக்கும் அடியில் வேறு புத்தகங்களை அண்டை கொடுத்து, ஒவ்வொரு பக்கமாக எடுக்கலாம்.

வெளியார் அட்டையில் எடுத்த புத்தகம் பேருந்தில் தொலைந்துவிட்டது. அதன் விலை 45 ரூபாய்தான். பணத்தைக் கட்டினால் முடிந்துவிடுமா?
– வாசகர், வேலூர்

முடியாது. 45 ரூபாய் என்பது பதிவேட்டில் ஏறிய அன்றைய விலை. அதே நூல் இன்று பல மடங்கு இருக்கும். பெரும்பாலான நூலகங்கள் பணத்தை விரும்புவதில்லை, புத்தகத்தைத்தான் கேட்கும்.

இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். சொன்ன தேதியோடு தாமதக் கட்டணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு, சொல்லாமல் இருந்தால் அது நாள்தோறும் ஏறும். ‘தொலைந்துவிட்டது, மாற்றுப் படி தர அனுமதி வேண்டும்’ என்று எழுதிக்கொடுத்து, எந்தப் பதிப்பு ஏற்கப்படும் என்று கேட்டுக்கொண்ட பிறகே கடைக்குப் போங்கள். கேட்காமல் மலிவுப் பதிப்பு வாங்கிப் போய், நூலகம் அதை ஏற்க மறுத்ததால் இரண்டு தரம் பணம் செலவழித்தவர்கள் உண்டு. அச்சில் இல்லை என்றால் விலையைப்போல் இவ்வளவு மடங்கு என்று அந்தக் கல்லூரி விதியில் இருக்கும். அதை எழுத்தில் காட்டச் சொல்லிக் கட்டி, ரசீது வாங்குங்கள்.

பழைய புத்தகக் கடையில் தேடும்போது வேறு நூலக முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்புப் பக்கத்தைக் கிழித்திருந்தாலும், பல நூலகங்கள் உள்ளே குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் இரகசியமாக இன்னொரு முத்திரை குத்தியிருக்கும். அப்படிப்பட்ட படியை எந்த நூலகரும் ஏற்க மாட்டார்.

நண்பனின் கல்லூரி இணைய நூலகக் கடவுச்சொல்லை வாங்கி மின்னிதழ் படிக்கலாமா?
– வாசகர், சென்னை

வேண்டாம். கல்லூரிகளுக்கு மின்னிதழ், மின்னூல் தரும் ‘என்-லிஸ்ட்’ போன்ற திட்டங்களில் அந்தந்தக் கல்லூரி மாணவர், ஆசிரியருக்குத்தான் கணக்கு. வெளியிலிருந்து ஒருவர் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை இறக்கினால், பதிப்பகத்தார் அந்தக் கல்லூரி முழுவதற்கும் இணைப்பை நிறுத்திவிடுவார்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டமும் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கானது. நேர்வழி ஒன்று இருக்கிறது: நூலகத்துக்குள் வந்து அங்கேயே உள்ள கணினியில் படிக்கும் வெளியாருக்குப் பல பதிப்பகங்களின் ஒப்பந்தம் இடம் தருகிறது. நூலகரிடம் அதைக் கேளுங்கள். கட்டுரை ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினாலும் பலர் அனுப்பிவிடுவார்கள்.

எந்தக் கல்லூரியும் விடவில்லை என்றால்?
– வாசகி, மதுரை

உங்கள் ஊரிலேயே 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சென்னைக்கு வந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா. கன்னிமாரா 1896-இல் திறக்கப்பட்டது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. பழந்தமிழ் அச்சு நூலுக்கும் இதழுக்கும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், சுவடிக்குத் தஞ்சை சரசுவதி மகாலும் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகமும். வீட்டுக்கு எடுத்துப்போக மாவட்ட மைய நூலகம்.

ஆனாலும் கல்லூரிகள் மேல் எங்களுக்கு வருத்தம் உண்டு. பொதுப்பணத்தில் நடக்கும் கல்லூரியின் படிப்பறை சனிக்கிழமையாவது அந்த ஊர்க்காரர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மறு பருவத்தில் மறுபடி எழுதுங்கள்.

சொந்தப் புத்தகம், பை கொண்டுபோகலாமா?
– வாசகர், ஈரோடு

பை வாசலில். டோக்கன் தருவார்கள், பணம், கைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தப் புத்தகத்துக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதற்கெனத் தனிப் பகுதியே உண்டு. கட்டாயம் கொண்டுபோக வேண்டுமானால், நுழையும்போதே வாசல் பதிவேட்டில் அதன் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குறிப்பெடுக்க உதிரித் தாளும் பென்சிலும் போதும்; அரிய நூல் பிரிவில் பேனாவுக்கு அனுமதி இருக்காது.