பெயிண்ட் கடைக்குப் போகும் முன்…

(வீட்டைப் புதுப்பிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிப்பவர் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்.)

கும்பகோணம் அருகே எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கிறோம். சுவர்கள் எல்லாம் சுண்ணாம்புக் காரை. இதுவரை பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்துத்தான் பழக்கம். “பட்டி பார்த்து, பிரைமர் கொடுத்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துவிட்டால் ஏழெட்டு வருடம் கவலை இல்லை” என்கிறார் பெயிண்டர். செய்யலாமா?
— வாசகி, தஞ்சை மாவட்டம்

வேண்டாம் அம்மா. எமல்ஷன் நல்ல பொருள்தான். உங்கள் சுவருக்குத்தான் அது ஆகாது.

உங்கள் தாத்தா காலத்து வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலம் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. உங்கள் ஊரோ காவிரிப் பாசன மண். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வரும். செங்கல் அதை உறிஞ்சிக்கொண்டு சுவரில் ஓதம் ஏற்றும். இந்த ஈரம் வெளியேறத் தடை இல்லாததால்தான் அந்தச் சுவர் இத்தனை காலம் நிற்கிறது. காரையும் வெள்ளையும் காற்றை விடும். ஏறிய ஈரம் கோடையில் தானாகக் காய்ந்துவிடும். எமல்ஷன் காய்ந்தால் சுவர் மேல் ஒரு பிளாஸ்டிக் தோல். ஈரம் அதன் பின்னால் மாட்டிக்கொள்ளும். ஈரத்தோடு வந்த உப்பு அங்கேயே படிகமாகிப் பூச்சை வெளியே தள்ளும். முதல் மழைக்காலத்திலேயே தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை கொப்புளங்களைப் பார்ப்பீர்கள்.

பட்டி விஷயம் இன்னும் மோசம். இப்போது மூட்டையில் வரும் பட்டியில் பெரும்பாலானவை வெள்ளை சிமெண்டில் செய்தவை. காரையைவிடக் கடினமானவை. அடியில் இருப்பதோ பல ஆண்டு வெள்ளையடித்த பொடி அடுக்குகள். ஒருநாள் பட்டி அப்பளம் அப்பளமாக உரியும்போது பழைய காரையையும் பெயர்த்துக்கொண்டு வரும். அதற்கு ஆகும் செலவை அந்தப் பெயிண்டர் தரப்போவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். தளர்ந்த பழைய வெள்ளையைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையாலேயே பூசச் சொல்லுங்கள். சிமெண்ட் வேண்டாம். காரை வேலை தெரிந்த கொத்தனார் உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் காரைக்குடிப் பக்கம் விசாரியுங்கள். பிறகு சுவரை நனைத்து, சலித்த சுண்ணாம்பை மூன்று கோட் அடியுங்கள். ஒவ்வொன்றும் மோர் போல நீர்க்க இருக்கட்டும். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு அடித்த மாதிரியே தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். அது தெரியாமல் கெட்டியாகக் குழைத்து அடிப்பதால்தான் பொருக்கு விடுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அதற்கு நேரம் கொடுங்கள். கோட்டுக்கு ஒரு நாளாவது இடைவெளி வேண்டும்.

நிறம் வேண்டுமென்றால் மஞ்சள் காவி, செங்காவி கலக்கலாம். இவை சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும்; கண்ட சாயப் பொடிகள் வெளிறிவிடும். சட்டையில் ஒட்டுமே என்பீர்கள். ஒட்டத்தான் செய்யும். பெஞ்சைச் சுவரை விட்டு நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

(செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பளபளப்பான பூச்சை வைத்திருக்கும் புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால்: எதுவும் அடிக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.)

குளியலறைக் குழாய் மாற்றியதில் பக்கத்துப் படுக்கையறைச் சுவரைப் புதிதாகப் பூசியிருக்கிறோம். பத்து நாளில் கிரகப்பிரவேசம். பெயிண்ட் அடித்துவிடலாமா?
— வாசகர், மடிப்பாக்கம்

ஜோசியர் குறித்த நாளுக்கும் சிமெண்டுக்கும் சம்பந்தமில்லை. புதுப் பூச்சு குறைந்தது 28 நாளாவது ஆற வேண்டும். அதுவரை உள்ளே ஈரமும் காரமும் இருக்கும். பெயிண்ட் திட்டுத் திட்டாக வெளுக்கும், உப்புப் பூக்கும்.

28 நாள் ஆனபின்னும் சந்தேகம் இருந்தால், ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்து கோத்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், சுவர் மேல் குற்றமில்லை.

மற்ற சுவர்களை இப்போதே முடியுங்கள். இந்தச் சுவரை விட்டுவிட்டு, விசேஷத்தன்று அதன் முன்னால் பூ அலங்காரத்தை வையுங்கள். குழாயில் கசிவு நின்றுவிட்டதா என்பதையும் அதற்குள் பார்த்துக்கொள்ளலாம். கசிவு நிற்காத சுவருக்கு எந்தப் பெயிண்டும் மருந்தல்ல.

எந்தக் கம்பெனி பெயிண்ட் சிறந்தது?
— வாசகர், சேலம்

பெரிய கம்பெனிகளின் ஒரே விலைப்படியில் உள்ள எமல்ஷன்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, உங்கள் பெயிண்டர் எத்தனை சொம்பு தண்ணீர் ஊற்றுகிறார் என்பதில் வித்தியாசம் அதிகம். அளவு டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

அட்டையில் பார்த்த இளம்பச்சை, சுவரில் அடித்ததும் பாசி நிறமாகத் தெரிகிறது. கடைக்காரர் தவறாகக் கலந்துவிட்டாரா?
— வாசகி, திருப்பூர்

அநேகமாக இல்லை. அட்டையில் பார்த்தது விரலகலத் துண்டு. நான்கு சுவரிலும் அதே நிறம் வரும்போது ஒன்றின் மேல் பட்ட ஒளி மற்றதில் எதிரொளித்து நிறம் அடர்ந்துவிடும். நினைத்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கடையின் குழல்விளக்கு வேறு, உங்கள் வீட்டு மஞ்சள் விளக்கு வேறு. ஒரு லிட்டர் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, அறையின் வெவ்வேறு சுவர்களில் சாய்த்துக் காலையிலும் இரவிலும் பாருங்கள்.

பளபளப்பையும் யோசியுங்கள். ஜன்னல் ஒளி பக்கவாட்டில் விழும் சுவரில் பளபளப்புப் பெயிண்ட் அடித்தால் பட்டியின் மேடு பள்ளம் எல்லாம் அம்பலமாகும். அங்கே பளபளப்பில்லாத ‘மேட்’ நல்லது. குழந்தை கிறுக்கும் சுவருக்கும் சமையலறைக்கும் துடைக்க ஏதுவான மென்பளபளப்பு. கூரைக்கு மேட் வெள்ளைதான். அதில் புதுமை எதுவும் வேண்டாம்.

வளைகாப்பு முடிந்து மகள் பிரசவத்துக்கு வருகிறாள். அவளுடைய அறையின் பழைய மர ஜன்னல்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது எனாமல் அடிக்க நினைக்கிறோம். ஆபத்து உண்டா?
— வாசகி, மதுரை

உண்டு, நல்ல வேளையாகக் கேட்டீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருந்திருக்கலாம். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவும். வயிற்றுப் பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் அது நஞ்சு.

மகள் வரும் முன்பே வேலையை முடியுங்கள். நீர் தாங்கும் உப்புத்தாளை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். தேய்ப்பவர் முகக்கவசம் போட வேண்டும். பிறகு துடைப்பத்தை எடுக்காமல் ஈரத்துணியால் மெழுகித் துடையுங்கள். பழைய பெயிண்ட் உரியாமல் உறுதியாக இருந்தால் லேசாக ஈரத் தேய்ப்பு கொடுத்து மேலேயே அடித்துவிடலாம். புதுப் பூச்சுக்குத் தண்ணீரில் கரையும் எனாமல் கேளுங்கள். டர்பன்டைன் நெடி இருக்காது.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்? பெயிண்டர் பத்து லிட்டர் என்கிறார்.
— வாசகர், நாகர்கோவில்

சுற்றளவு 44 அடி. உயரம் பத்தடி என்றால் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக 400 என்று வையுங்கள். நன்கு பட்டி பார்த்து பிரைமர் அடித்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஏறத்தாழ 100 முதல் 140 சதுர அடி வரும். சுவருக்கு நான்கு லிட்டர் வாளி ஒன்று போதும். கூரைக்குத் தனியாக ஒரு லிட்டரோ, கொஞ்சம் கூடவோ. மீதி யாருக்கு என்று அவரையே கேளுங்கள்.

பல அறைக்கு ஒரே நிறமென்றால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள். மிஞ்சியதை இறுக மூடி, ஷேடு எண்ணையும் எந்த அறை என்பதையும் மூடிமேல் எழுதி வையுங்கள். பின்னால் ஆணி பிடுங்கிய ஓட்டையை மூடும்போது தேவைப்படும்.