பதில்: டிரம் பிரேக் பழைய கார், நெரிசலில் பெடல் இறங்குகிறது, வண்டி இடப்பக்கம் இழுக்கிறது

வணக்கம். நீங்கள் சொன்ன இரண்டும் தனித்தனிக் கோளாறுகள்.

முதலில் இழுவை. பிரேக் போடும்போது வண்டி இடப்பக்கம் போனால் பெரும்பாலும் வலது முன் பிரேக்தான் சரியாகப் பிடிக்கவில்லை. வலது டிரம்மை (சக்கரத்தோடு சுழலும் உருளை மூடியை) கழற்றுங்கள். ஷூவை (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டையை) தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் இறுகியிருக்கலாம், அல்லது ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கில் எண்ணெய் ஊறியிருக்கலாம். ஊறிய லைனிங்கைக் கழுவிப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். சிலிண்டரும் லைனிங்கும் சரியாக இருந்தால், பிரேக் திரவம் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம்.

பெடல் இறங்குவது வேறு கதை. டிரம் சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. ஆற விட்டு, சக்கரம் பூட்டும்வரை அட்ஜஸ்டரை (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் திருகை) இறுக்கி, உரசாமல் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். இதற்கிடையே பெடலை ஒருமுறை அழுத்தினால் ஷூ டிரம்மின் மையத்தில் அமரும். பின்சக்கரத்தில் இதைச் செய்யும்போது ஹேண்ட்பிரேக்கை விடுவித்திருக்க வேண்டும்.

பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் திரவத்தில் காற்றோ ஈரமோ புகுந்திருக்கிறது. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் திரவத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கும். இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.

உங்களுடையது ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழியில் அனுப்பும் சிலிண்டர்) என்றால் ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பழைய ஹோஸ்களை மொத்தமாக மாற்றாமல் நெடுஞ்சாலைக்குப் போகவே வேண்டாம், தயவுசெய்து.

முன்வண்டியுடன் நான்கு விநாடி இடைவெளி விடுங்கள். இறக்கத்தில் முன்கூட்டியே கியரைக் குறையுங்கள். பின்னால் வருபவருக்காக பிரேக் விளக்கில் எல்இடி பல்பு போடலாம். பாசிட்டிவ் எர்த் வண்டி (பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்தது) என்றால் அதற்கேற்ற பல்பு கேட்டு வாங்குங்கள்.